செஸ் ஆடும் பழைய பெட்டிகள்: பழுதுபார்ப்பு பற்றி ஒரு மதிப்பீடு

ஒரு நாவலை விமரிசனம் செய்கிறோம். நாடகத்தையும் திரைப்படத்தையும் விமரிசனம் செய்கிறோம். ஒரு மின்னணுக் கருவியை அவ்வாறு விமரிசனம் செய்ய இயலுமா? இயலும் என்றே கருதுகிறேன். கருவியும் மனிதர் சிந்தித்துச் செய்த ஒன்றுதான். அதில் நல்ல முடிவுகளும் உண்டு. அவசரத்தில் எடுத்த முடிவுகளும் உண்டு. அவற்றைப் படித்தறியச் சிறந்த வழி, கருவி பழுதான பிறகு அதைத் திறந்து பார்ப்பதாகும். நன்றாக ஓடும் கருவி தன் உள்ளமைப்பை மறைத்துக்கொள்ளும். பழுதான கருவியோ தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடும்.

இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்ளும் கருவிகள் சதுரங்கம் ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட சிறு கணிப்பொறிகள். 1977 முதல் 1990 வரை அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் ஜெர்மனியிலும் இவை ஏராளமாகச் செய்து விற்கப்பட்டன. ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு சதுரங்கப் பலகை, ஓரத்தில் சில பொத்தான்கள், சிறு விளக்குகள், அவ்வளவே. இன்று உங்கள் கைப்பேசியில் இயங்கும் ஒரு நிரல் இவை அனைத்தையும் எளிதில் தோற்கடித்துவிடும். உலகச் சாம்பியனையும் தோற்கடித்துவிடும். ஆயினும் இப்பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்து, திறந்து, பழுதுபார்த்து மீண்டும் ஆடவைப்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவற்றுள் எது நல்ல படைப்பு? எது உண்மையான பழுதுபார்ப்பு? இரண்டுக்கும் இன்று வழங்கும் விடைகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. எந்தக் கருவி வலுவாக ஆடுகிறதோ அதுவே சிறந்தது என்பார்கள். எந்தக் கருவி பழுதுபார்த்த பின் புதிதுபோல் பளபளக்கிறதோ அதுவே நன்கு பழுதுபார்க்கப்பட்டது என்பார்கள். இவ்விரு அளவுகோல்களும் ஏன் தவறானவை என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் சதுரங்கக் கணிப்பொறி என்று பொதுவாகக் கொள்ளப்படுவது, அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருந்த ஃபிடெலிட்டி எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977இல் வெளியிட்ட 'செஸ் சாலஞ்சர்' ஆகும். அதன் நிரலை எழுதியவர் ரான் நெல்சன். அதனுள் இருந்தது 8080 வகை நுண்செயலி. 1979இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'செஸ் சாலஞ்சர் 7' இசட்-80 நுண்செயலியைக் கொண்டது. சதுரங்க விதிகள், காய்களின் மதிப்பு, எதிராளியின் பதில்களைத் தேடும் முறை ஆகிய அனைத்தும் 4 கிலோபைட் நினைவகத்தில், அதாவது 4096 பைட்டுகளில் அடங்கிவிட்டன. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இக்கட்டுரையைக் கணிப்பொறியில் எழுத்துகளாகச் சேமித்தால் அதைவிடப் பல மடங்கு இடம் தேவைப்படும். அந்த நிரலின் சிக்கனத்தை இதிலிருந்தே உணரலாம் அல்லவா?

இக்கருவியின் பாகங்களை ஆறாகப் பிரிக்கலாம். மின்சாரம் தரும் பகுதி, சீரான துடிப்புகளைத் தரும் குவார்ட்ஸ் படிகம், கணக்கிடும் நுண்செயலி, நிரலை வைத்திருக்கும் நிலையான நினைவகம், ஆட்டத்தின் நிலையைக் குறித்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், மனிதரோடு பேசும் பொத்தான்களும் விளக்குகளும். 'செஸ் சாலஞ்சர் 7'இன் படிகம் 3.579 மெகா ஹெர்ட்ஸில் அதிர்வது. ஏன் இந்த விசித்திரமான எண்? அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் நிறத்தைப் பிரித்தறியப் பயன்பட்ட அதிர்வெண் அது. இலட்சக்கணக்கில் உற்பத்தியானதால் அந்தப் படிகம் மலிவாகக் கிடைத்தது. ஒரு படிகத்தின் மேல் பொறித்த எண்ணைப் பார்த்தே அக்காலத் தொழில் உலகின் ஒரு செய்தியை நாம் படித்துவிடுகிறோம்.

சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக ஏறத்தாழ 30 நகர்த்தல்களுக்கு இடமுண்டு என்று கிளாட் ஷானன் 1950இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் கணக்கிட்டார். ஒரு பக்கத்தார் ஒரு முறை காய் நகர்த்துவதை ஓர் 'அடி' என்று கொள்வோம். நான்கு அடிகள் முன்னோக்கிப் பார்க்க வேண்டுமானால் 30 × 30 × 30 × 30, அதாவது 8,10,000 நிலைகளை ஆராய வேண்டும். ஒரு கருவி நொடிக்கு 500 நிலைகளை ஆராய்கிறது என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டால், இதற்கு 27 நிமிடங்கள் ஆகும். பயனற்ற கிளைகளை முன்கூட்டியே வெட்டிவிடும் ஆல்ஃபா-பீட்டா முறை மிகச் சிறப்பாக அமைந்தால், அதே நான்கு அடிகளுக்கு 1,799 நிலைகளே போதும். நான்கு நொடிகளுக்குள் விடை வந்துவிடும். இந்த வெட்டும் திறமைதான் சிறு பெட்டியைச் சதுரங்கம் ஆடவைத்தது. 1980இல் லண்டனில் நடந்த முதலாவது உலக நுண்கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியில் வென்ற ஃபிடெலிட்டி கருவிக்கு நிரல் எழுதியவர்கள் டான், கேத் ஸ்ப்ராக்லென் தம்பதியர். அவர்களின் சாதனை இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் இல்லை. இந்தச் சிக்கனத்தில் இருக்கிறது.

பழுதைப் படிக்கும் முறை

இனி, இப்படிப்பட்ட ஒரு கருவி செத்துக் கிடக்கிறது என்று கொள்வோம். அவசரக்காரர் உடனே நுண்செயலியைச் சந்தேகிப்பார். அனுபவமுள்ளவர் முதலில் மின்சாரத்தைப் பார்ப்பார். இது வெறும் பழக்கமன்று; இயற்பியல் காரணம் உள்ள பழக்கம்.

இந்தச் சுற்றுகளுக்கு 5 வோல்ட் நேர் மின்னழுத்தம் தேவை. மின்மாற்றியிலிருந்து வரும் மாறு மின்னோட்டத்தை டையோடுகள் திருத்துகின்றன. ஒரு பெரிய மின்தேக்கி அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்கிறது. 7805 போன்ற ஒரு சீராக்கி அதை 5 வோல்ட்டாக நிறுத்துகிறது. சீராக்கி ஒழுங்காக வேலை செய்ய அதன் உள்ளீடு எப்போதும் 7 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கருவி 0.4 ஆம்பியர் எடுக்கிறது, மின்தேக்கி 2200 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். நம் நாட்டு மின்சாரத்தில் திருத்திய அலைகள் நொடிக்கு நூறு முறை வருகின்றன. இரு உச்சிகளுக்கு இடையே நூறில் ஒரு நொடி. அந்த நேரத்தில் மின்தேக்கியின் அழுத்தம் ஏறத்தாழ 1.8 வோல்ட் இறங்கும். உச்சி 11.3 வோல்ட் என்றால் பள்ளம் 9.5 வோல்ட், கவலையில்லை. நாற்பது ஆண்டுகளில் மின்தேக்கியின் உள்ளே இருக்கும் திரவம் உலர்ந்து, அதன் திறன் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது இறக்கம் 7 வோல்ட்டுக்கு மேல். பள்ளம் 4 வோல்ட் அளவில் நிற்கும். சீராக்கி தவறும். நுண்செயலி நொடிக்கு நூறு முறை தடுமாறும். கருவி கோமாளித்தனமாக விளக்குகளை எரிக்கும். விதிக்குப் புறம்பாகக் காயை நகர்த்தும். பார்ப்பவர் 'மூளை கெட்டுவிட்டது' என்பார். கெட்டது மூளை அல்ல. சில ரூபாய் மதிப்புள்ள ஒரு மின்தேக்கி.

1979இல் வந்த 'வாய்ஸ் செஸ் சாலஞ்சர்' தன் நகர்த்தல்களைக் குரலில் அறிவிக்கும். முதலில் பார்வையற்றோருக்கான பேசும் கணக்கீட்டுக் கருவியில் பயன்பட்ட ஒரு பேச்சுச் சில்லையே அது தன்னுள் கொண்டிருந்தது. பேசும் கருவி எதுவாயினும், ஒலிபெருக்கி கூடுதல் மின்னோட்டம் கேட்கும்போதுதான் தளர்ந்த மின்தேக்கி தன் குறையை முழுதாகக் காட்டும். 'பேசும்போது மட்டும் நின்றுபோகிறது' என்பது அப்படிப்பட்ட நோயின் அறிகுறி. அறிகுறியிலிருந்து காரணத்தை அறிவதில் மருத்துவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் வேறுபாடு இல்லை.

அடுத்து மின்கலங்கள். பெட்டிக்குள் மறந்துவிட்ட அல்கலைன் மின்கலம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கசியவிடும். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து வெண்மையான பொட்டாசியம் கார்பனேட் தூளாகப் படியும். இது காரம், ஆகவே வினிகரோ எலுமிச்சைச் சாறோ சிறிது தொட்டுத் துடைத்தால் அடங்கும். பின்பு வாலை வடிநீராலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து நன்கு உலர்த்த வேண்டும். பழைய துத்தநாக-கார்பன் மின்கலத்தின் கசிவோ அமிலத் தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல் ஏற்றது. எல்லாக் கசிவுக்கும் ஒரே மருந்து பூசுவோர், நோயை அறியாமல் மருந்து தருவோரை ஒத்தவர்.

மூன்றாவது, பலகை. 64 கட்டங்களுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் பொதுக் கம்பியோடு 65 கம்பிகள் வேண்டும். பொறியாளர்கள் 8 கிடைக் கம்பிகளும் 8 நெடுங்கம்பிகளும் போட்டு, அவை குறுக்கிடும் இடங்களில் சுவிட்சுகளை வைத்தார்கள். 16 கம்பிகளில் வேலை முடிந்தது. சில பலகைகளில் விரலால் அழுத்தினால் தொடும் படலச் சுவிட்சுகள். வேறு சிலவற்றில் காயின் அடியில் ஒரு சிறு காந்தம். அது கட்டத்தின்மேல் வந்ததும் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் இரு உலோக நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். இது 'ரீட் சுவிட்ச்' எனப்படும்.

இந்த அமைப்பைத் தெரிந்தவருக்குப் பழுது தானே பேசும். ஒரே ஒரு கட்டம் மட்டும் உணரவில்லையா? அந்தச் சுவிட்ச் கெட்டது. ஒரு நெடுவரிசை முழுவதும் உணரவில்லையா? எட்டுச் சுவிட்சுகள் ஒரே நாளில் கெடுவதில்லை. அந்தக் கம்பி அறுந்தது அல்லது அதன் இணைப்பு அரித்துவிட்டது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் காய் இருக்க, வெறுமையான நான்காவது மூலையிலும் காய் இருப்பதாகக் கருவி நினைக்கிறதா? மூன்று சுவிட்சுகள் வழியாக மின்னோட்டம் சுற்றிவந்து நான்காவதைப் போல நடிக்கிறது. எல்லாக் காய்களும் ஒரே நேரத்தில் சுவிட்சுகளை மூடிவைக்கும் பலகையில் இதைத் தடுக்க, சுவிட்சோடு ஒரு டையோடு வைப்பது வழக்கம். அந்த டையோடைச் சோதியுங்கள். என் மாணவர்களுக்கு மின்சுற்றுகளைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, இந்த ஒரு புதிரைக் கொடுத்து விடை கேட்பது கூடுதல் பயன் தருவதைக் கண்டிருக்கிறேன்.

கருவியின் ஞாபகசக்தி

மின்தேக்கியை மாற்றலாம், சுவிட்சை மாற்றலாம், இசட்-80 நுண்செயலியைக்கூடத் தேடி வாங்கி மாற்றலாம். மாற்ற இயலாத ஒன்று உண்டு: நிரல். அது போய்விட்டால் எஞ்சுவது வெறும் பெட்டி.

பெருமளவில் விற்ற கருவிகளில் நிரல் தொழிற்சாலையிலேயே சிலிகானில் அச்சிடப்பட்டது. அது எளிதில் அழியாது. ஆனால் விலை உயர்ந்த சில கருவிகளிலும் சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டவற்றிலும் புற ஊதாக் கதிரால் அழித்து மீண்டும் எழுதத்தக்க நினைவகச் சில்லுகள் இருந்தன. அவற்றின் முதுகில் ஒரு சிறு குவார்ட்ஸ் சாளரம் தெரியும். ஒவ்வொரு பிட்டும், கண்ணாடி போன்ற சிலிகான் டை ஆக்சைடால் சூழப்பட்ட மிகச் சிறு தீவில் அடைபட்ட எலெக்ட்ரான்களின் கூட்டமாகும். 2716 என்னும் சில்லில் இத்தகைய 16,384 தீவுகள் உண்டு.

சிறையிலிருந்து தப்ப ஓர் எலெக்ட்ரானுக்கு ஏறத்தாழ 3.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அழிக்கும் விளக்கின் அலைநீளம் 253.7 நானோமீட்டர், அதன் ஃபோட்டான் ஒவ்வொன்றும் 4.9 எலெக்ட்ரான் வோல்ட் சுமந்து வருகிறது. ஆகவே எலெக்ட்ரான் தாண்டிக் குதிக்கிறது, நிரல் அழிகிறது. 400 நானோமீட்டருக்கு அருகே ஃபோட்டானின் ஆற்றல் 3.1 எலெக்ட்ரான் வோல்ட். அதற்கு மேற்பட்ட அலைநீளங்கள் தீங்கு செய்வதில்லை. சூரிய ஒளியில் இரு வகையும் கலந்திருக்கின்றன. சாளரத்தைத் திறந்தபடி நேர் வெயிலில் வைத்தால் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், குழல் விளக்கின் ஒளியில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிலும் சில்லு அழியக்கூடும் என்று இன்டெல் நிறுவனத்தின் தரவுத்தாள்களே எச்சரித்தன. ஒளிமின் விளைவைப் பாடமாகப் படித்த மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் ஒரு சிறு துண்டு ஒட்டுத்தாள் அச்சாளரத்தின்மேல் ஏன் ஒட்டப்பட்டிருக்கிறது என்பது இப்போது விளங்கும். அழகுக்காக அந்தத் தாளைக் கிழித்து, சில்லைத் துடைத்து, சன்னலோரம் காட்சிக்கு வைப்பவர் ஒரு கையெழுத்துப் படியை மழையில் வைக்கிறார்.

ஒளியே படாவிட்டாலும் எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசிகின்றன. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். ஆகவே இத்தகைய கருவியைத் திறந்தவுடன் செய்யத்தக்க முதற்கடமை, துடைப்பதோ வண்ணம் பூசுவதோ அன்று. நிரலைப் படிக்கும் கருவியில் சில்லைப் பொருத்தி, அதிலுள்ள பைட்டுகளைப் படியெடுத்து, இரண்டு மூன்று முறை ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துவதே. நிரலின் உரிமை அதைச் செய்தவருடையது. படியை விற்றுப் பிழைப்பது முறையன்று. ஆனால் படியே இல்லாமல் அழியவிடுவதால் உரிமையாளருக்கும் நன்மை இல்லை.

பழுதுபார்ப்பு என்ற பெயரில்

இனி இன்று பரவலாக நடக்கும் மூன்று செயல்களை விமரிசிக்க விரும்புகிறேன்.

முதலாவது, உள்ளுறுப்புகளைக் களைந்துவிட்டுப் புதிய கணிப்பொறிப் பலகை ஒன்றைப் பொருத்துவது. பலகையும் விளக்குகளும் பழையவை. ஆடுவது இன்றைய நிரல். பார்வைக்கு அழகுதான். உள்ளே எதுவும் எஞ்சாத பெட்டிக்கு அது ஒரு வழி என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிருள்ள சுற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதைச் செய்தால் அது பழுதுபார்ப்பு ஆகாது. ஏன்? பழைய கருவியின் பிழைகளே அதன் பாடங்கள். நான்கு அடிகள் மட்டுமே பார்க்கும் நிரல், நான்காவது அடியில் தன் யானை வெட்டுப்படும் என்றால் என்ன செய்யும்? இடையில் ஒரு சிப்பாயைப் பலிகொடுத்து, அந்த வெட்டை ஆறாவது அடிக்குத் தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாததால் ஆபத்து நீங்கியது என்று நம்பும். ஹான்ஸ் பெர்லினர் 1970களில் இதைத் தொடுவான விளைவு என்று பெயரிட்டு விளக்கினார். புத்தகத்தில் இதைப் படிப்பது ஒன்று. நம்மெதிரே ஒரு பெட்டி அவ்வாறு தன் சிப்பாயை வீணே இழப்பதைப் பார்ப்பது வேறொன்று. தவறே செய்யாத நிரலில் இந்தப் பாடம் கிடைக்காது.

இரண்டாவது, வேகத்தைக் கூட்டுவது. படிகத்தை மாற்றி இருமடங்கு அதிர்வெண் தந்து 'மேம்படுத்தினேன்' என்பார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். ஆல்ஃபா-பீட்டா முறையில் ஓர் அடி கூடுதலாகப் பார்க்க, முப்பதின் வர்க்கமூலமான ஏறத்தாழ ஐந்தரை மடங்கு வேலை தேவை. இரு மடங்கு வேகத்தால் அரை அடியளவு ஆழம்கூடக் கிட்டாது. பதிலுக்குக் கிடைப்பது கூடுதல் வெப்பம், நினைவகச் சில்லுகள் ஈடுகொடுக்க இயலாமை, எப்போது நிற்கும் என்று தெரியாத ஆட்டம்.

மூன்றாவது, 'திருத்துவது'. 1977இன் முதல் 'செஸ் சாலஞ்சர்' பலகையில் ஒரு வேடிக்கை உண்டு. உலக வழக்கில் நெடுவரிசைகளுக்கு எழுத்தும் கிடைவரிசைகளுக்கு எண்ணும் இட வேண்டும். அக்கருவியில் இவை இடம் மாறிவிட்டன. அடுத்து வந்த கருவிகளில் இது சரிசெய்யப்பட்டது. பழைய பலகையின் எழுத்துகளைச் சுரண்டி 'சரியாக' அச்சிட்டால், ஒரு புதிய தொழில் அவசரமாகப் பிறந்ததற்கான சாட்சியத்தை அழித்தவராவோம். கல்வெட்டில் எழுத்துப்பிழை இருந்தால் உளியெடுத்துத் திருத்துகிறோமா?

எது நல்ல படைப்பு?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். என் அளவுகோல் இதுதான்: செய்தவர் போன பின்பும், வேறொருவர் திறந்து, புரிந்துகொண்டு, மீட்டெடுக்க இடம் தரும் கருவியே நல்ல கருவி.

இந்த அளவுகோலின்படி, தொடக்ககாலக் கருவிகள் வலுவற்ற ஆட்டக்காரர்களாயினும் நல்ல படைப்புகள். நுண்செயலி தனி, நினைவகம் தனி, படிகம் தனி. பெட்டி திருகாணிகளால் மூடப்பட்டது. சில்லுகளின் கால்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் கூடுதலான இடைவெளியில் இருப்பதால் மல்டிமீட்டரின் முனையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கலாம். குறை இல்லாமலில்லை: சில சில்லுகளின்மேல் தயாரிப்பாளரின் உள் எண் மட்டுமே உண்டு, பொருளை வாங்கியவருக்குச் சுற்று வரைபடம் தரப்படவில்லை. அக்கால வானொலிப் பெட்டிகள் பலவற்றில் வரைபடத்தை உள்ளே ஒட்டியே கொடுத்தார்கள் என்பதை எண்ணும்போது இது பெருங்குறையே.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹெகெனர்-கிளாசர் நிறுவனம் செய்த மெஃபிஸ்டோ கருவிகளுக்கு இன்னும் உயர்ந்த இடம் தருவேன். அவற்றின் சிறந்த வகைகளில் நிரலும் நுண்செயலியும் ஒரு தனிப் பேழையில் இருக்கும். பலகையின் பக்கத்தில் இழுப்பறைபோல் அதைச் செருகலாம், உருவலாம். புதிய நிரல் வந்தால் பேழையை மட்டும் வாங்கினால் போதும். மரப்பலகை அப்படியே நிற்கும். 1985இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகப் போட்டியில் ரிச்சர்ட் லாங் எழுதிய நிரலுடன் மெஃபிஸ்டோ வென்றது. ஆனால் அந்த வெற்றி அல்ல, அந்த இழுப்பறைதான் என் பாராட்டுக்கு உரியது. வெற்றி ஓரிரு ஆண்டுகளில் பழங்கதையாயிற்று. இழுப்பறை இன்றும் பழுதுபார்ப்பவருக்கு உதவுகிறது.

எதிர்முனையில் நிற்பவை 1980களின் பிற்பாதியில் வந்த சிறு கருவிகள். பின்னாளில் சைடெக் எனப் பெயர் மாறிய ஹாங்காங்கின் சைசிஸ் நிறுவனத்தின் சில கருவிகளில் ஹிட்டாச்சியின் 6301 வகைச் சில்லு இருந்தது. நுண்செயலி, நிரல், நினைவகம் அனைத்தும் ஒரே சில்லில். நியாயமாகப் பேச வேண்டும்: இதனால் விலை குறைந்தது, மின்செலவு வெகுவாகக் குறைந்தது, ஒரு மாணவன் பையில் வைத்து எடுத்துச் செல்லும் கருவி பிறந்தது. சதுரங்கம் பரவ இது உதவியது. ஆனால் அந்த ஒற்றைச் சில்லு செத்தால் நிரலும் உடன் சாகிறது. உள்ளிருக்கும் நிரலைப் படிக்க எளிய வழி இல்லாத இடங்களில், சில்லின் மேலுறையை அமிலத்தால் கரைத்து, நுண்ணோக்கியில் பிட்டுகளைப் படமெடுத்துப் படிக்கும் அளவுக்கு ஆர்வலர்கள் போக வேண்டியிருக்கிறது. ஆட்டத்தில் வலிமை கூடியது. திறந்து அறியும் வாய்ப்போ குறைந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலை யாரும் நம்மிடம் கேட்டுச் செய்யவில்லை.

போலச் செய்யும் நிரல்

'இவ்வளவு பாடு எதற்கு? மேம் என்னும் திறந்த மென்பொருள் இப்பழைய கருவிகள் பலவற்றை இன்றைய கணிப்பொறியில் அப்படியே நடித்துக்காட்டுகிறதே!' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மேம் மிகச் சிறந்த பணி. பழைய நுண்செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் அது போலச் செய்கிறது; ஆகவே பழைய நிரல் தன் பழைய பிழைகளோடு ஆடுகிறது. நம் ஊரில் இப்படிப்பட்ட கருவியைக் கையில் தொட வாய்ப்பில்லாத மாணவருக்கு இதுவே நல்ல வழி.

ஆனால் மேம் எங்கிருந்து பிறந்தது? யாரோ ஒருவர் ஒரு பழைய பெட்டியைத் திறந்து, கம்பிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று தேடி, சில்லிலிருந்து பைட்டுகளைப் படியெடுத்ததால் பிறந்தது. பழுதுபார்ப்பவர் முன்னே போகிறார். போலச் செய்யும் நிரல் பின்னே வருகிறது. மேலும், உலர்ந்த மின்தேக்கியையும் அரித்த கம்பியையும் மேம் உங்களுக்குக் காட்டாது. அது நிரலைக் காக்கிறது; கருவியைப் பற்றிய அறிவைக் காக்க இன்னும் ஒரு கை வேண்டியிருக்கிறது.

எப்போதாவது ஒரு பழைய மின்னணுக் கருவி, அது சதுரங்கப் பெட்டியாகவோ வேறெதுவாகவோ இருக்கட்டும், உங்கள் கைக்கு வந்தால் உடனே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதாக இருந்தால் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். செருகியின் நடுமுனை நேரா எதிரா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முதலில் மின்கலங்களை எடுங்கள். திறந்து, பார்த்த ஒவ்வொன்றையும் படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாளரமுள்ள சில்லைக் கண்டால் அதன்மேல் ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பின்பு சால்டரிங் அயர்னைச் சூடாக்கலாம்.

புதிய கருவி வாங்கும்போதும் இந்த அளவுகோல் உங்களுக்கு உதவும். எவ்வளவு வேகம், எவ்வளவு நினைவகம் என்று விளம்பரங்கள் சொல்லும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூடியிருப்பது திருகாணியா, பசையா? செய்தவர் உங்களை அறிவுள்ளவராக மதித்தாரா, வாங்குபவராக மட்டும் கண்டாரா என்பதை அது சொல்லிவிடும்.